பருப்பு வெந்த தண்ணீர்

அந்த அறிக்கையில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாராவது தோண்டியெடுத்து, "இந்தம்மா மட்டும் யோக்கியமா" என்று கேட்க வேண்டாம் பாருங்கள்.

என் பெயர் பாக்யலட்சுமி. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தனியார் லேப்பில் பதினான்கு வருஷமாகத் தண்ணீர் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தோல் ஷாப்புகள் ஜாஸ்தி, அதனால் லேப்புக்கு வேலையும் ஜாஸ்தி. தோல் பதனிட்ட கழிவுநீரைச் சுத்தம் செய்துதான் வெளியே விடுகிறோம் என்று காட்ட ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு பேப்பர் வேண்டும். அதைக் கொடுப்பது நாங்கள். பார்ட்டி ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். பாட்டில் மேல் அவர் என்ன எழுதி ஒட்டியிருக்கிறாரோ, அதுதான் அந்தத் தண்ணீர். கிணறு என்று எழுதியிருந்தால் கிணறு, ஏரி என்று எழுதியிருந்தால் ஏரி. நாங்கள் போய்ப் பார்ப்பதில்லை. அறிக்கையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில், 'மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். வேலூரில் எந்த லேப்பில் கேட்டாலும் இதுதான் வழக்கம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கமலம் அண்ணி போன் செய்தாள். என் அண்ணன் பெருமாளின் மனைவி. ஒடுகத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் சின்னக்கொல்லைதான் எங்கள் ஊர். அண்ணன் அங்கே வேர்க்கடலை போடுகிறார். அண்ணி, ஊரை ஒட்டி வந்திருக்கும் கோல்ஃப் கிளப்பில் களை எடுக்கப் போகிறாள்.

"இன்னா பாக்யா, நல்லா இருக்கியா?" என்றாள். குரலே சரியில்லை.

"இன்னா அண்ணி ஆச்சு?"

"நம்ம மனு மேல விசாரணை இருந்துச்சில்ல. கிளப்புக்காரன் ஒரு பேப்பரக் காட்னான். புல்லுக்கு ஊத்தறது எல்லாம் தோல் ஷாப்புத் தண்ணியச் சுத்தம் பண்ணி லாரில கொண்டாந்து ஊத்தறதாம். போர் தண்ணி ஒரு சொட்டு எடுக்கலையாம். லேப்புலயே எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

"எந்த லேப்பு?"

"கீழ உம் பேரு இருக்குதும்மா" என்றாள்.

அந்த பாட்டில் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'கோல்ஃப் மைதானப் பாசன நீர்' என்று அழகாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். டி.டி.எஸ். 2140. அதாவது அவ்வளவு உப்பு. சுத்தம் செய்த தோல் ஷாப்புத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். பார்த்தேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிளப் என்று தெரிந்தும் எனக்கு ஒரு கேள்வி தோன்றவில்லை. தோன்றாத அளவுக்குக் கை பழகியிருக்கிறது.

சின்னக்கொல்லையில் நாற்பத்து மூன்று வீடுகள். மேல்நிலைத் தொட்டிக்கு ஒரே ஒரு போர். கிளப் வேலிக்குள் நாலு போர் இறக்கிய பிறகு ஊர் போரில் தண்ணீர் கீழே போய்விட்டது. நாலு நாளைக்கு ஒரு முறை, அரை மணி நேரம் குழாயில் வரும். அந்த நாலு போருக்கும் சீல் வைக்கச் சொல்லித்தான் மனு. வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. அதற்கு முந்தின நாள் கிளப்பில் பெரிய போட்டி ஆரம்பம். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், டிவி, எல்லாம். சாதாரணப் போட்டியும் இல்லை, பசுமைப் போட்டியாம். என் பேப்பரை வைத்து மனு தள்ளுபடியானால், அதே பேப்பரை வைத்து கிளப்புக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைக்கும். பிறகு வருஷா வருஷம் போட்டி வரும். அந்தப் போர்களை யாரும் தொட முடியாது.

திங்கட்கிழமை முதல் வேலையாக லேப் முதலாளி ஜெயசீலன் சாரிடம் போய் நின்றேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் மனசும் நோகக் கூடாது என்று நினைப்பவர், அதிலும் பார்ட்டி மனசு.

"ரிப்போர்ட் தப்பா பாக்யலட்சுமி?"

"இல்ல சார். பாட்டில்ல இருந்த தண்ணிக்கு ரிப்போர்ட் கரெக்டு."

"அப்புறம் என்ன?"

"அந்தத் தண்ணி புல்லுக்குப் போகலையே சார்."

"அது நம்ம வேலை இல்லம்மா. பாட்டில் வந்துச்சு, பாத்தோம், எழுதினோம். நம்ம போய் எடுத்தோம்னா சொன்னோம்? கீழதான் போட்டிருக்கே." அந்த எறும்பு வரியை விரலால் தட்டிக் காட்டினார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட, அந்த வாக்கியத்தின்மேல் வந்த கோபம்தான் பெரிது. புதிதாக வேலைக்குச் சேரும் எத்தனையோ பேருக்கு அதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன், அதே வரியை விரலால் தட்டி.

பார்ட்டி கொடுத்த படிவத்தில் ஒரு நம்பர் இருந்தது. பரணிதரன், போட்டியின் சுற்றுச்சூழல் மேலாளர். போன் செய்து, லேப்பிலிருந்து பேசுகிறேன், மைதானத்திலேயே வந்து ஒரு மாதிரி எடுக்க வேண்டும் என்றேன். மறுப்பான் என்று நினைத்தேன். "தாராளமா வாங்க மேடம். நாங்க எதையும் மறைக்கறது இல்ல" என்றான்.

புதன்கிழமை போனேன். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: 'இந்தப் புல் ஒரு சொட்டு நிலத்தடி நீரும் குடிப்பதில்லை.' அதைப் படித்து முடிப்பதற்குள் காவலாளி என் பையைத் துழாவி, மாதிரி எடுக்க நான் கொண்டுபோயிருந்த மூன்று பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக்காம். உள்ளே அனுமதி இல்லையாம். தண்ணீரைப் பரிசோதிக்க வந்தவளின் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு ஒரு ரசீதும் கொடுத்தார்.

பரணிதரனுக்கு முப்பது வயசு இருக்கும். வெயிலில் கறுத்த முகம், நல்ல சிரிப்பு. ஏசி அறையில் உட்கார்ந்து படம் காட்டுகிறவன் என்று நினைத்துப் போன எனக்கு அதுவே ஏமாற்றம். பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டினான். பந்தை வைக்கும் குச்சிகூட மூங்கில். சமையல் கழிவெல்லாம் உரக்குழிக்குப் போகிறது. கூரை முழுக்க சோலார். ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் ஷூ ஆம்பூரில் செய்தது, தூரத்திலிருந்து கப்பலில் வரவில்லை என்று அதையும் கணக்கில் சேர்த்தான். குருவிக்குக் கூடு வேறு. எல்லாம் நிஜம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இத்தனையும் நிஜமாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருப்பது மட்டும் தெரியவில்லை.

"களைக்கொல்லி ஒரு சொட்டு அடிக்கறது இல்ல மேடம். எல்லாம் கையாலயே" என்றான் பெருமையாக.

கையால் என்றால் யார் கை? எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர், பச்சைக் கம்பளம்போல் இருந்த புல்லில் முட்டி போட்டு, நகத்தால் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் வெயில். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களும் வாசலில்தான் இருக்கின்றன. குடிக்க வேண்டுமானால் அரை கிலோமீட்டர் நடந்து போய் எவர்சில்வர் டம்ளரில் குடித்துவிட்டு வர வேண்டும். கமலம் அண்ணி என்னைப் பார்த்ததும் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எங்க நாத்தனார் சார்" என்றாள் பரணிதரனிடம். "கையெழுத்து போட்ட அம்மா."

நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்பிரிங்ளர் ஒன்று சுழன்று கொண்டிருந்தது. பையிலிருந்து உப்பு அளக்கும் மீட்டரை எடுத்து, கையில் தண்ணீர் பிடித்து, முக்கிப் பார்த்தேன். 390.

"அறிக்கையில 2140, பரணிதரன். இது நல்ல போர் தண்ணி."

அவன் குனிந்து பார்த்தான். "மீட்டர் சரியா இருக்குதா மேடம்? எங்களுக்கு இதே தண்ணியதான் உங்க லேப்புலயே பாத்துக் குடுத்தீங்க."

"நாங்க பாத்தது பாட்டில்ல வந்த தண்ணி."

"பாட்டில எங்க மைதானப் பொறுப்பாளர்தான் குடுத்தனுப்பினார். அவரு ஏன் பொய் சொல்லணும்?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். பேப்பர் வந்தது, நம்பினான். அவனுக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. என்னிடம் இருக்கும் அதே வியாதி, சிரித்த முகத்தோடு.

"மீட்டர வுடு பாக்யா" என்றாள் அண்ணி. "பருப்பு போட்டுப் பாத்துடலாம்."

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறார்களோ இல்லையோ, அந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று கேட்பார்கள். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் கடித்தால் நறுக்கென்றுதான் இருக்கும். மீட்டரெல்லாம் வருவதற்கு முன்னால் இதுதான் எங்கள் லேப்.

வேலைக்காரர்களுக்குச் சமைக்கும் கொட்டகைக்குப் போனோம். பதினோரு பேரும் கோரையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். மேஸ்திரி ஏதோ கத்தினார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோல் ஷாப்புத் தண்ணீர் ஏற்றி வந்து வாசலில் நின்ற டாங்கர் லாரியிலிருந்து ஒரு சொம்பு, ஸ்பிரிங்ளரிலிருந்து ஒரு சொம்பு. இரண்டு பாத்திரம், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அதே பருப்பு, பக்கத்துப் பக்கத்து அடுப்பு. பரணிதரன் மணியைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றான். அவனுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். போனில் ஒரு படம்கூட எடுத்தான்.

அரை மணி நேரம் கழித்து அவனுக்கு வேடிக்கையாக இல்லை. ஸ்பிரிங்ளர் தண்ணீரில் பருப்பு குழைந்து, கரண்டியை விட்டால் மசிந்தது. லாரித் தண்ணீரில் போட்டது போட்டபடி அடியில் கிடந்தது. அவனே ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தான். நசுங்கவில்லை.

"அப்ப லாரி தண்ணி எங்க போகுது?" என்று கேட்டான்.

"ரோட்டுக்கு" என்றாள் அண்ணி. "வண்டி போனா புழுதி பறக்குதில்ல, அதுக்குத் தெளிக்கறாங்க. தெளிச்ச எடத்துல போயிப் பாரு சார், மண்ணு வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். உம் புல்லுல எங்கனா பூத்திருக்குதா?"

பரணிதரன் ரொம்ப நேரம் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளுக்குள் அவனுக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். நல்ல பையன், பேசுவான் என்று நினைத்தேன்.

"மேடம், ஒரே ஒரு ரெக்வெஸ்ட். ஞாயித்துக்கிழமை போட்டி முடிஞ்சுடும். அது வரைக்கும் இதை வெளிய விடாதீங்க. திங்கக்கிழமை நானே உக்காந்து எல்லாத்தையும் சரி பண்றேன்."

"வெள்ளிக்கிழமை விசாரணை, பரணிதரன்."

"இந்த நேரத்துல இது வெளிய போனா, இவ்வளவு பண்ணதும் வீணாப் போயிடும் மேடம். மூங்கில் குச்சியிலேர்ந்து எல்லாத்தையும் பொய்னு சொல்லுவாங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம். "நாப்பத்து மூணு வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவ தண்ணி வருது. உனக்கு மூங்கில் குச்சி பெருசா போச்சா? அவங்க தண்ணிய எடுத்து புல்லுக்கு ஊத்திட்டு, அவங்க கையாலயே களை புடுங்க வெச்சு, அவங்க கொண்டாந்த பாட்டிலயும் புடுங்கி வெச்சுக்குனு, வாசல்ல போர்டு வேற. எங்க ஊரு காதுலயே பூ சுத்தி வெச்சிருக்கீங்க."

மாதிரி எடுக்க ஒரு பாட்டில் கொடு என்றேன். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் புதுக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்பிரிங்ளரில் நானே பிடித்து, நானே மூடி, தேதியும் நேரமும் போட்டு, 'மாதிரி என்னால் எடுக்கப்பட்டது' என்று எழுதினேன். பதினான்கு வருஷத்தில் அந்த வாக்கியத்தை எழுதுவது அதுதான் முதல் தடவை. சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி அவனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. பாட்டிலை என்னிடமிருந்து பிடுங்கவும் இல்லை. அவ்வளவுதான் அவனால் ஆன சுற்றுச்சூழல்.

கமலம் அண்ணி பேனாவை வாங்கிப் போட்டாள். பிறகு மற்ற பத்துப் பேரும் போட்டார்கள். மேஸ்திரி அங்கேயே நின்று, நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று சொன்னார். "நாளைக்கு எங்க வூட்டுக் களையப் புடுங்கறோம், போய்யா" என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை காலை ஜெயசீலன் சார் வருவதற்கு முன்பே லேப்பைத் திறந்து, முறைப்படி எல்லாப் பரிசோதனையும் செய்தேன். அவர் வந்து பார்த்தார், படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லேப் பெயர் போட்ட தாளில் அச்சடிக்கக் கூடாது என்றார். வெள்ளைத் தாளில் அடித்துக்கொண்டேன். "இனிமே நீங்க வர வேண்டாம் பாக்யலட்சுமி" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். என் டிபன் பாக்ஸைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். அங்கேயே ஒரு பக்கம் எங்கள் மனு மீதும் விசாரணை. பெரிய ஹாலில் மாவட்டம் முழுவதிலுமிருந்து மனுவும் கையுமாக ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஒரு பெண். கிளப் வக்கீல் எழுந்து என் இரண்டு அறிக்கைகளையும் தூக்கிப் பிடித்தார்.

"மேடம், ரெண்டுலயும் ஒரே கையெழுத்து. போன மாசம் 2140. இப்ப 390. ரெண்டுல ஒண்ணு பொய். பொய் சொல்ற ஒருத்தரோட சாட்சிய எப்படி எடுத்துக்க முடியும்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "எதும்மா பொய்?"

"ரெண்டுமே பொய் இல்லைங்க மேடம்" என்றேன். "முதல்ல பாத்தது அவங்க பாட்டில்ல புடிச்சுக்குனு வந்து குடுத்த தண்ணி. அத எங்க புடிச்சாங்கன்னு நான் கேக்கல. எங்க லேப்புல யாரும் கேக்க மாட்டோம். என்ன எழுதி ஒட்டியிருந்துச்சோ அதையே எழுதிக் கையெழுத்து போட்டேன். ரெண்டாவது தண்ணி நானே போயி எடுத்தது. இந்தப் பதினோரு பேர் பாத்தாங்க. நம்பிக்கை இல்லன்னா இப்பவே ஆள் அனுப்பி எடுக்கச் சொல்லுங்க. ஒரு மணி நேரப் பயணம்தான்."

வக்கீல், சமையல் கொட்டகையில் பருப்பு வேகவைத்ததைச் சொல்லிச் சிரித்தார். அவர் ஒருவர்தான் சிரித்தார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் உப்புத் தண்ணீரில் சமைத்தவர்கள்.

அதிகாரி ரொம்ப யோசிக்கவில்லை. அரசாங்க ஆளே போய் மாதிரி எடுத்து அறிக்கை வரும் வரைக்கும் நாலு போருக்கும் அன்று மாலைக்குள் கரண்டைத் துண்டித்து சீல் வைக்கச் சொல்லி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகத்திலெல்லாம் இன்னும் பச்சை ஒட்டியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் வாசலுக்கு வந்தேன், இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

"ஏம்மா, நில்லும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஐம்பது வயசுப் பெண். விசாரணை நடந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். தன் பெயர் செல்லம்மாள், பேரணாம்பட்டுப் பக்கம் என்றாள். அவளும் மனுவோடுதான் வந்திருந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவள் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்கும் தோல் ஷாப்புக்கு எங்கள் லேப் கொடுத்த அறிக்கையின் நகல். எல்லா அளவும் வரம்புக்குள்.

"இது உன் கையெழுத்தாம்மா?"

"ஆமாம்மா" என்றேன்.

"இதக் காட்டிதான் மூணு தடவ என் மனுவத் தள்ளிட்டாங்க. எங்க வூட்ல பருப்பு வெந்து ஒம்பது வருஷம் ஆச்சு." அவள் சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. "இந்தத் தண்ணி நீ போயி எடுத்ததா?"

"இல்லம்மா."

செல்லம்மாள் தாளைத் திரும்ப உறைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்க அண்ணன் ஊருன்னா மட்டும் போயி எடுத்துக்குனு வர்றியேம்மா" என்றாள்.

ஒடுகத்தூருக்கு பஸ் ஏற எனக்கு மூன்று நாள்தான் ஆனது. பேரணாம்பட்டுக்கும் வேலூரிலிருந்து பஸ் இருக்கிறது. பதினான்கு வருஷமாக இருக்கிறது.